மழைக்கும் தீக்கும் நடுவே ஒரு பண்டிகை

காட்டையும் மலையையும் குளக்கரையையும் நாடிச் செல்வதில் மகிழ்ச்சி காண்போருக்குக் கொடுக்கப்படும் கிறிஸ்துமஸ் பரிசின் தகுதி, அது எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அப்பண்டிகை கடுங்குளிரின் நடுவே, பகல் மிகக் குறுகிய நாள்களில் வருவதால், அங்கே பரிசாக வாங்கப்படும் கூடாரமும் தூண்டிற்கோலும் வசந்தம் வரும்வரை வீட்டுக்குள் காத்திருப்பது வழக்கம். திருநெல்வேலிச் சீமையிலோ, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும் வேளையில் கிறிஸ்துமஸ் வருகிறது. குளங்கள் நிறைந்திருக்கும், குளிர்நாடுகளிலிருந்து பருவந்தோறும் இடம்பெயர்ந்து வரும் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும், மலையடிவாரத்து ஓடைகளில் நீர் தெளியத் தொடங்கியிருக்கும். பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பின் மலைச்சரிவுகளில் புல் காய்ந்து, காட்டுத்தீ பரவும் ஆபத்துள்ள தீக்காலம் பிறந்துவிட்டால், வனத்துறை நடைபாதைகளை மூடிவிடும். மழை முடிவதற்கும் தீக்காலம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட சில வாரங்களே அந்த நிலத்தில் வெளியே திரிவதற்கு ஏற்ற காலம் என்பதால், அதன் தொடக்கத்தில் கொடுக்கப்படும் பரிசு அந்தச் சில வாரங்களுக்குள்ளேயே பயன்பட வேண்டியதாகிறது.

பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. திருச்சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் இந்த உண்மையைத் தன் பரிசு வழக்கத்தின் விதியாகவே வைத்துக்கொண்டிருந்தது. கட்டுரையாளர் அந்தக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால், இங்கே எடுத்துரைக்கப்படுபவை பல ஆண்டுகளில் அவர் கண்டும் கேட்டும் நினைவில் தேக்கிவைத்தவை. தாத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குளக்கரைகளில் பறவை பார்ப்பவர். சித்தப்பா விடுமுறை கிடைத்தால் பொதிகை மலையடிவாரத்துக்குப் புறப்படுகிறவர். பள்ளி ஆசிரியையான அத்தை நெடுந்தூரம் நடப்பதில் விருப்பமுள்ளவர். வீட்டுப் பிள்ளைகளோ தவளையும் தட்டானும் தேடி வாய்க்காலோரம் அலைந்தவர்கள். அந்த வீட்டில் ஆண்டுதோறும் பரிசைத் தேர்ந்தெடுத்த முறை வெறும் குடும்ப வழக்கமாக மட்டும் கருதத்தக்கதன்று. ஒரு மனிதரையும் அவர் விரும்பும் நிலத்தையும் ஒருசேரக் கவனிக்கும் பயிற்சியாகவும் அது விளங்கியது.

தென்தமிழ்நாட்டுக் கிறித்தவக் குடும்பங்களில் வண்ணத்தாள் சுற்றிய பரிசு பழைய வழக்கமன்று. புத்தாடை, விடியுமுன் தொடங்கும் ஆராதனை, அயல்வீடுகளுக்குத் தட்டில் அனுப்பும் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து ஆகியவையே நெடுங்காலம் பண்டிகையின் கொடைகளாக இருந்தன. கல்லூரிகளும் அலுவலகங்களும் பரப்பிய கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட் விளையாட்டின் வழியாகவே பரிசு தேர்ந்தெடுக்கும் பழக்கம் பல வீடுகளுக்குள் நுழைந்தது. அனைவருடைய பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டு, ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்து, அதில் உள்ளவருக்குத் தம்மை வெளிப்படுத்தாமல் பரிசு தேடுவதே அந்த விளையாட்டு. பாளையங்கோட்டைக் குடும்பம் கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வார ஆயத்தக் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறன்று சீட்டு எடுத்தது. எஞ்சிய வாரங்கள் கடைக்குப் போவதற்காக அல்ல, சீட்டில் வந்தவரைக் கவனிப்பதற்காகவே ஒதுக்கப்பட்டன. தீக்காலத்துக்குள் ஒருமுறையேனும் வெளியே எடுத்துச் செல்லப்படாத பொருள் பரிசாகக் கருதப்படாது என்று வீட்டுப் பாட்டியான ஆச்சி வகுத்த விதி, அந்தக் கவனிப்பைத் தவிர்க்க முடியாததாக்கியது.

இவ்விதியின் பயனை மிகத் தெளிவாக உணர்த்தியது தாத்தாவுக்குப் பைனாகுலர் வாங்கிய ஆண்டு. பைனாகுலரின் உடலில் 8×42, 10×42 என்பனபோல் பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்களில், முதலாவது பொருள் எத்தனை மடங்கு அருகில் தோன்றும் என்பதையும், இரண்டாவது முன்பக்க வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். கூடுதலாகப் பெரிதாக்குவதே சிறந்தது என்று முதலில் தோன்றினாலும், கருவி எவ்வளவு பெரிதாக்குகிறதோ அவ்வளவுக்குக் கைநடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. ஒரே பார்வையில் அடங்கும் பரப்பும் பொதுவாகக் குறைகிறது. இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைப்பது, கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம். 8×42 கருவியில் அது 5.25 மி.மீ., 10×42 கருவியில் 4.2 மி.மீ. மங்கிய ஒளியில் விரியும் கண்மணி இளம் வயதில் ஏறத்தாழ 7 மி.மீ. வரை அகலக்கூடும் என்றாலும், வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்துவிடுவதால், முதியவரின் கண்ணுக்கு 5 மி.மீ. அளவிலான ஒளிக்கற்றை விடியற்காலையிலும் போதுமானது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகே, கடைக்காரர் முன்னிறுத்திய பத்து மடங்குக் கருவியை விட்டு எட்டு மடங்குக் கருவியைப் பார்க்கலாம் என்று குடும்பம் முடிவுசெய்தது.

எண்களால் தீராத கேள்விகளும் இருந்தன. தாத்தா மூக்குக்கண்ணாடி அணிபவர். அத்தகையோருக்குக் கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 15 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளியிலும் காட்சி முழுமையாகத் தெரியும்படி வடிவமைத்த கருவி வேண்டும், இல்லாவிட்டால் காட்சியின் ஓரங்கள் இருண்டுவிடும். பறவை பார்க்கும் நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கிய பைனாகுலரைச் சித்தப்பா ஒரு மாலையில் மாடிக்குக் கொண்டுவந்து, தென்னையில் அமர்ந்திருந்த பனங்காடையைக் காட்டும் சாக்கில் அவரிடம் கொடுத்து, எவ்வளவு நேரத்தில் கை தளர்கிறது, குவியத்தைச் சரிசெய்யும் திருகு விரலுக்கு எட்டுகிறதா என்பனவற்றைக் குறித்துக்கொண்டார். 8×42 வகைக் கருவிகள் பெரும்பாலும் 600 முதல் 800 கிராம் வரை எடையுள்ளவை; அந்த எடையை மெல்லிய கழுத்துவார் தாங்கினால் சிறிது நேரத்தில் கழுத்து வலிக்கும் என்பதால், தோள்கள் இரண்டிலும் பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் சேணவாரும் சேர்த்து வாங்கப்பட்டது. ஒருவருக்குப் பெரிய செலவாக இருந்ததைப் பலர் பகிர்ந்துகொண்டதால், அந்த ஆண்டு மட்டும் சீட்டு விளையாட்டின் இரகசியம் தளர்த்தப்பட்டது.

அந்தக் கருவியின் முதல் பயணம் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்துக்கு அமைந்தது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற அவ்வூரில், பறவைகள் மனித வாழ்விடத்தை அஞ்சி ஒதுங்குவதில்லை. வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன, அவற்றின் அமைதி கெடாதிருக்க ஊரார் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். எச்சத்தின் வாடையையும் ஓயாத இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு ஒரு சிற்றூர் தலைமுறைதோறும் பறவைகளுக்கு இடம் கொடுத்துவருவது, பரிசு என்பதன் பொருளை எந்த நூலைக் காட்டிலும் ஆழமாகக் கற்பிக்கிறது. கூழைக்கடாக்களையும் ஊசிவால் வாத்துகளையும் வெறுங்கண்ணால் அடையாளம் கண்டுவந்த தாத்தா, அன்று இமயத்தைக் கடந்துவரும் வரித்தலை வாத்தின் பின்தலையில் உள்ள இரண்டு கருங்கோடுகளைத் தனித்தனியாகக் கண்டு, கருவியைப் பேரப்பிள்ளைகளின் கைகளில் மாற்றி மாற்றிக் கொடுத்தார். பிள்ளைகளின் கண்களுக்கிடையே உள்ள தூரம் குறைவு என்பதால், எல்லாப் பைனாகுலர்களும் அவர்களுக்குப் பொருந்துவதில்லை. இரு குழல்களையும் நெருக்கமாக மடக்க முடிகிறதா என்று பார்த்து வாங்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் அதன்பின் ஏற்பட்டது.

பெரிய பரிசைக் காப்பாற்றும் சிறிய பரிசுக்கும் அங்கே மதிப்பு இருந்தது. ஈரக்காற்று நிறைந்த நிலங்களில் வில்லைகளின் மேல் நுண்ணிய பூஞ்சை படர்ந்து, கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடக்கூடும். தோலுறையில் இட்டு அலமாரியில் பூட்டிவைக்கப்படும் கருவிக்கே இந்த ஆபத்து மிகுதி. காற்றுப்புகாத டப்பாவும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும், வில்லை துடைக்கும் மென்துணியும் சேர்ந்த ஒரு பொதியைப் பத்து வயதுப் பேத்தி தன் சேமிப்பிலிருந்து வாங்கிக் கொடுத்தபோது, அதன் விலை பைனாகுலரின் விலையில் மிகச் சிறு பங்குதான். ஆயினும் அந்தக் கருவி பல மழைக்காலங்களைத் தாண்டி நின்றதற்கு அப்பொதியே காரணம். பணம் குறைவாக உள்ளவரும் நிறைவான பரிசு கொடுக்க முடியும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் இவ்வாறே கற்றனர்.

மலையில் நடப்பவருக்கான பரிசைத் தேர்வதில், குளிர்நாட்டு இதழ்கள் வெளியிடும் பட்டியல்களை அப்படியே பின்பற்றுவது பயனற்றது. வாத்தின் அடியிறகு அடைத்த மேலாடை, டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்றதாக இருக்கலாம். களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சூழ்ந்த அடிவாரத்திலோ அதற்கு வேலை இல்லை. உள்ளிருந்து வரும் வியர்வையின் ஆவியை வெளியேவிட்டு, வெளியிலிருந்து வரும் மழைநீரைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு கொண்ட விலையுயர்ந்த மழையாடையும் அத்தகையதே. ஆடையின் உட்புறத்தைவிட வெளிக்காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருந்தால்தான் ஆவி வெளியேறும். வெளிக்காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருக்கும் நிலத்தில், அணிந்தவர் மழைக்குத் தப்பினாலும் வியர்வையில் நனைந்துவிடுகிறார். ஆகவே அகன்ற குடையோ, காற்றோட்டமுள்ள தளர்ந்த மழைப்போர்வையோ சித்தப்பாவுக்குப் பயன்பட்ட அளவுக்கு அந்த ஆடை பயன்படவில்லை.

சித்தப்பாவுக்குக் கிடைத்தவற்றில் அவர் மிகவும் போற்றியது அத்தை தைத்துக் கொடுத்த அட்டைக் காலுறைதான். ஈரமான சோலைக்காடுகளில் சருகின் அடியிலிருந்து எழுந்து காலில் பற்றும் அட்டைகள், பின்னல் காலுறையின் இழைகளுக்கிடையே நுழைந்து குருதியை உறிஞ்சும். கடித்த இடத்தில் குருதி உறையாதபடி அவை ஒரு பொருளைச் செலுத்துவதால், அட்டை விழுந்த பிறகும் கசிவு நெடுநேரம் நிற்பதில்லை. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை முழங்கால் அளவுக்குப் பைபோலத் தைத்து, வழக்கமான காலுறைக்கு மேலும் செருப்புக்கோ காலணிக்கோ உள்ளும் அணிந்து, மேல்விளிம்பை நாடாவால் கட்டிக்கொள்வதே அட்டைக் காலுறை. வெளிர்நிறத் துணியில் தைத்தால் ஊர்ந்தேறும் அட்டை உடனே கண்ணில் படும் என்பதும், தையல் உட்பக்கம் துருத்தினால் கால் புண்ணாகும் என்பதும் அத்தைக்குத் தெரிந்திருந்தன. நடப்பவரின் பாதத்தையும் அவர் நடக்கும் தரையையும் அறிந்தவர் கொடுத்த பரிசு அது. காலணியை மட்டும் அந்தக் குடும்பத்தில் எவரும் மறைத்து வாங்கியதில்லை. நடக்க நடக்கப் பாதம் சற்றே வீங்கும், இறக்கத்தில் விரல்கள் முன்னே நகர்ந்து முட்டும் என்பதால், அணிபவரே மாலை வேளையில் காலுறையுடன் போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருளை வியப்புக்குரிய பரிசாக்குவது அவருக்கு நன்மை செய்யாது.

சுமப்பவரின் முதுகை மறந்து தேர்ந்தெடுக்கப்படும் பரிசு அவருக்குப் பாரமாகவே முடியும். இதற்கு மாறான தேர்வுக்கு அண்டார்க்டிகா ஆய்வு வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1902 டிசம்பர் 25 அன்று, ராபர்ட் ஸ்காட், எட்வர்டு வில்சன், எர்னஸ்ட் ஷாக்கிள்டன் ஆகிய மூவரும் தென்துருவத்தை நோக்கிய பனிவெளிப் பயணத்தில், உணவு குறைந்து பசியால் வாடிக்கொண்டிருந்தபோது, ஷாக்கிள்டன் தம் மாற்றுக் காலுறைக்குள் அதுவரை ஒளித்துவைத்திருந்த சிறிய பிளம் புட்டிங்கை எடுத்து மற்ற இருவரையும் வியக்கவைத்தார். உலர்பழங்கள் சேர்த்து வேகவைக்கும் கிறிஸ்துமஸ் இனிப்பு அது. ஒவ்வொரு அவுன்சும் கணக்கிடப்பட்ட பயணத்தில் தம் சுமையில் ஒரு பங்கைத் தோழர்களின் ஒருநாள் மகிழ்ச்சிக்காக அவர் ஒதுக்கினார் என்பதே அச்செயலின் சிறப்பு. இந்நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த தாத்தா, மலைக்குப் புறப்படும் சித்தப்பாவின் பையில் பொரிவிளங்காய் உருண்டைகளை அவர் அறியாமல் வைத்தனுப்புவார். வறுத்த தானிய மாவும் வெல்லமும் சேர்ந்த அந்த உருண்டை எளிதில் கெடாதது, சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றல் தருவது.

விளக்குகளைப் பற்றிய தேர்வும் இதே கவனத்தைக் கோரியது. நெற்றியில் பட்டையால் கட்டிக்கொள்ளும் தலைவிளக்கு இரு கைகளையும் விடுவிப்பதால், கைவிளக்கைவிட நடப்பவருக்கு உகந்தது. செவ்வொளி தரும் வசதியும் இருந்தால் இருட்டுக்குப் பழகிய கண் அதிகம் கூசாது. இருட்டில் ஏறத்தாழ அரைமணி நேரம் இருந்த பிறகே கண் முழு உணர்திறனை எட்டுகிறது என்பதையும், ஒருமுறை பாயும் வெள்ளொளி அதைக் கலைத்துவிடும் என்பதையும் அறிந்தவருக்கு, விளக்கின் பேரொளியைக் காட்டிலும் அதன் மங்கலொளியே முக்கியமாகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டி, காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாகி, தாமிரபரணி கரைபுரண்டபோது, காட்டுக்கென வாங்கிய தலைவிளக்குகளும் நீர்புகாப் பைகளும் மின்சாரமில்லாத தெருக்களில் மருந்தும் பாலும் எடுத்துச் செல்லப் பயன்பட்டன. அந்த ஆண்டு பரிசுக்கென ஒதுக்கப்பட்ட பணம் முழுவதும் ஆற்றோரத்துக் குடும்பங்களுக்குப் பாயாகவும் போர்வையாகவும் பாத்திரமாகவும் சென்றது. ஆற்றை நேசிப்பவர்கள் ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்குப் பட்ட கடன் அது என்று ஆச்சி கருதினார், குடும்பமும் அவ்வாறே கருதியது.

நூல்களைப் பரிசாகக் கொடுப்பது, வெளியே செல்பவரை வீட்டுக்குள் அமர்த்தும் செயல் என்று நினைப்போர் உண்டு. இந்தியப் பறவையியலின் வரலாறு இதற்கு நேர்மாறானதை எடுத்துரைக்கிறது. சிறுவனாக இருந்த சாலிம் அலி, தான் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததைக் கண்டு, அது எந்தப் பறவை என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே செயலாளராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்டு அவரை வரவேற்று, கழகத்தின் பாடம்செய்த பறவைத் தொகுப்பைக் காட்டி, படிக்க நூல்களும் கொடுத்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து எழுதிய இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வெளிவந்தது. அந்நூலின் படி ஒன்றை ஜவாஹர்லால் நேரு சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு அனுப்பினார் என்பதும், பறவைகளின் உலகம் தமக்குத் திறந்தது அந்நூலால்தான் என்று இந்திரா காந்தி பிற்காலத்தில் எழுதினார் என்பதும் பதிவான செய்திகள். தாம் வெளியே செல்ல முடியாத நிலையிலிருந்த தந்தை ஒருவர் மகளுக்கு வெளியுலகையே அனுப்பிவைத்த அச்செயலைவிட உயர்ந்த பரிசை எண்ணிப் பார்ப்பது அரிது. மா. கிருஷ்ணன், தியடோர் பாஸ்கரன் ஆகியோரின் தமிழ் நூல்களும், க. ரத்னம் தொகுத்த பறவைப் பெயர்களும் பாளையங்கோட்டை வீட்டின் அலமாரியில் கிறிஸ்துமஸ் தேதியிட்ட கையொப்பங்களுடன் இருந்தன. அவற்றைப் படித்த பிள்ளைகள், குளத்தில் கண்டதை ஆங்கிலப் பெயரின் துணையின்றியே நீலச்சிறகி என்றும் தட்டைவாயன் என்றும் சொல்லப் பழகினர்.

நூலோடு ஒரு குறிப்பேடும் பென்சிலும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. நனைந்தால் மை கரைந்து பரவும், பென்சில் எழுத்தோ அழியாமல் நிற்கும். கண்டதைக் குறித்துவைக்கும் பழக்கத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பழைய உறவு உண்டு. பண்டிகை நாளில் இரு அணிகளாகப் பிரிந்து, அதிகப் பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவோர் வென்றதாகக் கருதும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தபோது, பறவையியலறிஞர் ஃபிராங்க் சாப்மன் 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்ற வேண்டுகோளை முன்வைத்தார். 27 பேர் கலந்துகொண்ட அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நடைபெற்றுவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்களும் ஊர்மக்களும் தன்னார்வலர்களாகப் பங்கேற்கின்றனர். டிசம்பரில் கிடைத்த குறிப்பேடு ஜனவரியில் குளக்கரையில் நிரம்பி, அந்த எண்கள் பொது அறிவின் ஒரு பகுதியாக மாறும்போது, வீட்டுக்குள் கொடுக்கப்பட்ட ஒரு பொருள் ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கப்படுகிறது. ஒரு பிள்ளைக்குப் பெயர்ப்பதிவு செய்து, அன்று விடியுமுன் உடன் அழைத்துச் செல்வதாக எழுதிக் கொடுக்கும் அட்டை, அந்த வீட்டில் விலையுள்ள பொருளுக்கு இணையாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இவ்வாறு பொருளிலிருந்து நேரத்துக்கு நகர்ந்த தேர்வு, அத்தைக்குக் கொடுக்கப்பட்ட பரிசில் முழுமை பெற்றது. தமிழ்நாடு–கேரள எல்லையையொட்டி 1,868 மீட்டர் உயரத்துக்கு எழும் அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரியில் நடைப்பயணத்தைத் தொடங்கிவைக்கிறது. மலைமேல் வழிபாட்டிடம் கொண்ட அம்மலை காணி மக்களின் நம்பிக்கைக்குரியது. நெடுங்காலம் உச்சிக்குச் செல்லும் பயணத்தில் பெண்கள் அனுமதிக்கப்படவில்லை. பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்த பிறகு, 2019 ஜனவரியில் கே. தன்யா சனல் அந்தப் பருவத்தில் உச்சியை அடைந்த முதல் பெண்ணானார். பாளையங்கோட்டையிலிருந்து அந்த மலைத்தொடரைப் பார்த்தே வளர்ந்த அத்தைக்கு அச்செய்தி ஏற்படுத்திய கிளர்ச்சியை வீடு முழுவதும் உணர்ந்தது. ஆனால் அவர் மலைக்குச் செல்லத் தடையாக இருந்தது காலணியோ பையோ அன்று. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, படுக்கையிலிருந்த மாமியாரைக் கவனித்து, பள்ளிக்குச் சென்று திரும்பும் ஒரு பெண்ணுக்கு, மூன்று நாள் நடைக்கு உடலைத் தயார்ப்படுத்தும் நேரமே கிடைப்பதில்லை என்பதுதான் அத்தடை.

அந்த ஆண்டு டிசம்பரில் சீட்டில் அத்தையின் பெயரை எடுத்தவர் சித்தப்பா. அவர் மற்றவர்களையும் கூட்டி, வாரத்தின் ஒவ்வொரு காலையிலும் யார் சமையலை ஏற்பது, யார் மாமியாருக்கு மருந்து கொடுப்பது, யார் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவது என்று பெயர் குறித்து எழுதிய தாளை உறையிலிட்டுக் கொடுத்தார். அத்தை ஆற்றங்கரைச் சாலையில் நாள்தோறும் நடந்து, பின்னர் சுமையுடன் நடக்கவும் பழகி, அடுத்த ஆண்டின் பருவத்தில் இடம் கிடைத்து, உச்சிவரை சென்று திரும்பினார். அவர் அங்கிருந்து கொண்டுவந்த கதைகளைவிட, அந்தத் தாளில் எழுதப்பட்ட ஏற்பாடு அவர் திரும்பிய பின்னும் நீடித்தது என்பதே கட்டுரையாளருக்கு மேலான நினைவாகத் தங்கியிருக்கிறது. இயற்கையை நேசிக்கும் ஆணுக்குக் கருவிகளை அடுக்கிக் கொடுக்கும் குடும்பங்கள், அதே நேசமுள்ள பெண்ணுக்கு வெளியே செல்லும் பொழுதைக் கொடுக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு வாங்கப்படும் எந்தப் பரிசும் அவரை வாசலுக்கு அப்பால் கொண்டுசேர்க்காது.

பாதுகாப்பும் இந்தத் தேர்வின் பிரிக்க முடியாத பகுதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ 23 உயிர்களைப் பலிகொண்ட பின், தமிழ்நாட்டில் மலைநடை கடுமையாக ஒழுங்குபடுத்தப்பட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 நடைபாதைகளுக்கு இணையவழி முன்பதிவைத் தொடங்கிய பின்னர், பயிற்சிபெற்ற வழிகாட்டிகளுடன் முறையான அனுமதியோடு நடக்க வாய்ப்பு ஏற்பட்டது. அந்த வழிகாட்டிகளில் காடுகளை அறிந்த பழங்குடி மக்களும் இருப்பதால், ஒரு நடைச்சீட்டைப் பரிசளிப்பவர் அவர்களின் வாழ்வாதாரத்துக்கும் துணைநிற்கிறார். அனுமதியற்ற பாதையில் ஒருவரை அழைத்துச் செல்வது எவ்வளவு அன்பால் செய்யப்பட்டாலும் பரிசாகாது. காட்டையும் நண்பரையும் ஒருசேர ஆபத்தில் நிறுத்தும் செயல் அது.

வெளியிடங்களை நேசிப்பவருக்குப் பரிசு தேடுவோர், அவரிடம் என்ன இல்லை என்று கணக்கெடுப்பதை விட்டு, அவர் புறப்படுவதற்கு எது இடையூறாக நிற்கிறது என்று முதலில் அறிந்துகொள்வதே சரியான தொடக்கம். அந்த இடையூறு மங்கும் பார்வையாக இருந்தால் ஏற்ற வில்லையும், அட்டைக்கடியாக இருந்தால் ஒரு முழம் துணியும், அறியாமையாக இருந்தால் ஒரு நூலும், வீட்டுவேலையாக இருந்தால் மற்றவர்களின் கைகளும் பரிசாக அமையும். அதைக் கண்டறியக் கடையில் செலவிடும் ஒரு மாலை போதாது என்பதாலேயே பாளையங்கோட்டைக் குடும்பம் அட்வெந்தின் முதல் ஞாயிறிலேயே சீட்டுக் குலுக்கியது. இன்று அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் தத்தம் வீடுகளில் அதே ஞாயிறன்று சீட்டு எடுக்கின்றனர். மழை ஓய்ந்து தீக்காலம் வருவதற்குள் பரிசு வெளியே சென்று வந்தாக வேண்டும் என்ற ஆச்சியின் விதியைத் தங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் சொல்லித் தருகின்றனர்.